பதினேழாவது கட்டத்தில் வயலின்

ஜனவரி 14

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே வீட்டில் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு வழக்கமான முதுகுவலி, எனக்கு வழக்கமான வாய். உன் உடம்பு எப்படி என்று கேட்க வந்தேன். அதற்குள் உங்கள் ஜெயில் நல அலுவலரே எழுதிவிட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறாயாம். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்துவிட்டாயாம். எனக்கு இந்த வித்தை தெரியாமல் போயிற்றே, முப்பது வருஷமாகத் தொப்பையோடு அலைகிறேன்.

போன மாதம் பார்க்க வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நீ என்னென்னவோ சொன்னாய். நானும் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே வராதீங்கன்னு சொல்றான். அதுக்கும் சரிங்கிறீங்களே, நீங்க மனுஷன்தானா?" அந்தப் போன்கள் சரியில்லை, மகனே. நமக்குக் கடிதம்தான் தோது.

டிசம்பரோடு கம்பெனியில் என் பிரஸ்ஸை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் டப்பா மூடி அடித்தவனை மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்தால், "சும்மா உட்கார்ந்து என் உயிரை வாங்காதீங்க" என்று அம்மா விரட்டுகிறாள். அதனால் உன் அறையில் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து திறந்து கொடுத்தார். நீ பாட்டு செய்கிற அந்த மென்பொருளும், உன் கடைசிப் பாட்டும் அப்படியே இருக்கின்றன. பதினாறு கட்டம் வரை செங்கல் அடுக்கினாற்போல் இருக்கிறது. அதற்கப்புறம் வெறும் மனை.

இதை நான் கட்டி முடிக்கலாம் என்று இருக்கிறேன். சிரிக்காதே. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் பட்டன் அமுக்குவதில் முப்பத்திரண்டு வருஷ அனுபவம். நீ அங்கிருந்து சொல், நான் இங்கிருந்து கையை வைக்கிறேன்.

ஒரு வேளையாவது சாப்பிடு.

அப்பா


பிப்ரவரி 6

அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டைத் தொடாதீர்கள். அன்றைக்கு வண்டியில் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். பதினாறாவது கட்டம் சரியாக இல்லை என்று மறுபடி கேட்கக் கையை நீட்டினேன். அந்த நேரத்தில்தான் அந்த அப்பாவும் பொண்ணும் சைக்கிளில் குறுக்கே வந்தார்கள். குறுக்கே என்றுகூடச் சொல்லக்கூடாது. அவர்கள் சரியான பக்கத்தில்தான் வந்தார்கள். இருவரும் அங்கேயே போய்விட்டார்கள். இதையெல்லாம் கோர்ட்டில் நீங்களும் கேட்டீர்கள்.

இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது. அதில் பாட்டுக்கு இடமில்லை.

மகன்


பிப்ரவரி 21

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம், ஒத்தடம் கொடுத்தாயிற்று. கொடுத்தது நான் என்பதால் வலி முதுகிலிருந்து தோளுக்குப் போய்விட்டதாம்.

நீ தொடாதே என்று எழுதிய கடிதம் வருவதற்குள் தொட்டுவிட்டேன். உன்னிடம் மறைக்கக் கூடாது: ஒரு தாளக் கட்டையை நகல் எடுக்கப் போய், விரலை எடுக்க மறந்து, நானூறு கட்டைகள் விழுந்துவிட்டன. வேகம் என்று ஓர் எண் இருக்கிறதே, எண்பத்து நான்கு? அதற்கு முன்னால் தெரியாமல் ஓர் ஒன்று சேர்ந்துவிட்டது. போட்டதும் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னங்க இது, பாத்திரக்கடை லாரி கவிழ்ந்துடுச்சா?" என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு எல்லாக் கட்டைகளையும் கோட்டோடு இழுத்து நிறுத்தும் வசதி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். எவ்வளவு கோணலாக வைத்தாலும் ஒரே அமுக்கில் நேராக்கிவிடுகிறது. உன்னையும் என்னையும் பெற்றவர்கள் இப்படி ஒன்றை வைத்துப் பெற்றிருக்கலாம். நீ போட்டிருந்த பதினாறு கட்டத்தையும் நேராக்கிவிட்டேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது.

நல்லதுதானே செய்தேன்?

அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

நலம். என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்! அதை நேராக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டையையும் நான் வேண்டுமென்றே ஒரு மயிரிழை தள்ளி வைத்திருந்தேன். மனுஷன் வாசிக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று மூன்று வாரம் உட்கார்ந்தேன். நேராக்கினால் போலீஸ் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும்.

உடனே இதைச் செய்யுங்கள். பழைய பிரதி ஒன்று அதே பெயரில், கடைசியில் ஆறு என்ற எண்ணோடு இருக்கும். அதைத் திறந்து வேறு பெயரில் சேமியுங்கள். நீங்கள் திறந்ததை மூடிவிடுங்கள். சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டாம்!

கட்டைகளுக்குக் கீழே குச்சி குச்சியாக நிற்கும். ஒவ்வொரு குச்சியின் உயரமும் அந்த அடியின் பலம். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் பாட்டு செத்துவிடும். முதல் அடி உயரம், இரண்டாவது பாதி, மூன்றாவது முக்கால், நான்காவது கேட்டும் கேட்காமலும். பத்தாவது கட்டத்திலிருந்து இதைச் சரி செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். செய்து பாருங்கள்.

செய்துவிட்டு எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள். இங்கே கேட்க வழியில்லை. எனக்கு உங்கள் காதுதான்.

மகன்


ஏப்ரல் 3

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம். நீ காலைச் சாப்பாட்டை முடிக்கிறாய் என்று நல அலுவலரின் கார்டு வந்தது. அதை அம்மா மூன்று தரம் வாசித்துவிட்டு, அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

ஆறாம் எண்ணைத் திறந்தேன். வேண்டாம் என்பதை வேண்டும் என்று அமுக்கப் போய், தெய்வாதீனமாகக் கை வழுக்கியதால் தப்பியது. குச்சிகளை நீ சொன்னபடி வெட்டினேன். நாலு நாள் ஆயிற்று. பிரஸ்ஸில் இதே நேரத்தில் ஒரு லட்சம் மூடி அடித்திருப்பேன்.

போட்டுக் கேட்ட விவரம்: பத்தாவது கட்டத்தில் தாளம் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற மாதிரி இருக்கிறது. பன்னிரண்டில் இரண்டாவது அடி மட்டும் அளவு பெரிய செருப்பு போட்டவன் போல் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது. பதினாலில் வருகிற அந்தக் கனத்த கம்பி ஒலி, பக்கத்து வீட்டில் பீரோ நகர்த்துகிற மாதிரி இருக்கிறதாம்.

அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பு. வேறொன்றுமில்லை. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். இங்கே ஒரு கழுதை கற்பூரமே செய்கிறது. திரையை அப்படியே அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்து என்ன, எழுது.

அப்பா


மே 5

அப்பாவுக்கு,

நலம். பெரிய செருப்பு! அதுதான், அதேதான். அந்த இரண்டாவது அடியை ஒரு துளி இடப்பக்கம் தள்ளுங்கள். பீரோவின் சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். படித்ததும் எனக்கு அப்படியே கேட்டது. கூட இருக்கிற தச்சர் அண்ணன், "என்னடா தனியா சிரிக்கிற, விடுதலை கிடுதலையா?" என்றார்.

நீங்கள் அச்சடித்து அனுப்பிய திரைப் பிரதியால் எனக்கு ஒரு நாள் விசாரணை. கடிதம் பார்க்கும் அதிகாரி அந்தச் சதுரங்களைக் காட்டி, "இதுல எது ஜன்னல், எது கதவு?" என்றார். வயலின் வரப்போகிற இடம் சார் என்றேன். "வயலினை எப்படி உள்ள கொண்டு வரப்போற?" என்றார்.

பதினேழாவது கட்டத்தை யோசித்துவிட்டேன். அதை யோசிக்க முடியும் என்று நினைக்கவில்லை. முதல் இரண்டு தாளத்துக்கு எதுவும் வேண்டாம், எல்லாம் நிற்கட்டும். மூன்றாவதில் வயலின் தனியாக. தனி ட்ராக் திறந்து, பக்கத்தில் சி5 என்று எழுதியிருக்கும் கோட்டில் தொடங்கி, படிப்படியாக இறங்கட்டும். தனித்தாளில் எல்லாக் கட்டைக்கும் கோடும் நீளமும் எழுதியிருக்கிறேன், இருபத்து நான்காவது கட்டம் வரை.

எனக்கு வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் போன் கிடைக்கிறது. மூன்று வாரமாக அடிக்கிறேன், யாரும் எடுப்பதில்லை. அம்மா எங்கே?

மகன்


மே 30

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம், உன் பெரியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன், துணைக்குப் போயிருக்கிறாள். போனை நான் வெளியே போன நேரமாகப் பார்த்து அடிக்கிறாய் போல. ஓய்வு பெற்றவனுக்குத்தானே ஊர் வேலையெல்லாம்.

நீ எழுதிய வயலினை ஒரு கட்டை விடாமல் வைத்துவிட்டேன். திரையை மறுபடி அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன், பார். கட்டை வைக்க ஒன்பது நாள், தப்பாக வைத்ததை எடுக்கப் பதினொரு நாள். போட்டுக் கேட்டேன். என்ன சொல்ல! தேன். தேனாக வழிகிறது. பதினேழில் எல்லாம் நின்று அந்த வயலின் இறங்குகிற இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு வயலினை நான் என் ஆயுசில் கேட்டதில்லை.

நானே சமைக்கிறேன். ஆகையால் எனக்கும் இப்போது ஜெயில் சாப்பாடுதான், கவலைப்படாதே. நீ மட்டும் தட்டைத் திருப்பாதே.

அப்பா


ஜூலை 2

அப்பாவுக்கு,

நலம். நீங்கள் எழுதியதைத் தினமும் மாலையில் ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் எடுத்துப் படிக்கிறேன். படித்தால் வயலின் கேட்கிறது. இரண்டு வேளை சாப்பிடுகிறேன், நல அலுவலரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்தொன்றில் வயலின் சத்தம் மற்றதை அமுக்குகிறதா? இழைகிறதா, உரசுகிறதா? அம்மா எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

மகன்


ஆகஸ்ட் 8

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலமே. பெரியம்மாவுக்கு இன்னொரு முழங்காலையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மா வர நாளாகும்.

இருபத்தொன்றில் ஓர் உரசலும் இல்லை. இழைகிறது என்றால் அப்படி இழைகிறது, பாலும் சர்க்கரையும் போல. வயலின் சத்தத்தை நானே ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஏற்றினாலும் தேன், இறக்கினாலும் தேன். நீ பார்க்க ஆசைப்படுவாய் என்று திரையைக் கடையில் கலரில் அச்சடித்து வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் இதில் ஜன்னலே கிடையாது என்று சொல்.

அப்பா


செப்டம்பர் 1

அப்பாவுக்கு,

கலர் பிரதி கிடைத்தது.

வயலின் ட்ராக்கின் பெயருக்குப் பக்கத்தில் எம் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதில் மஞ்சள் விளக்கு எரிகிறது. எரிந்தால் அந்த ட்ராக் ஊமை என்று பொருள். எதையோ அமுக்கப்போய் அதை அமுக்கியிருக்கிறீர்கள். மே மாதம் அனுப்பிய பிரதியையும் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையிலும் அந்தப் பொத்தான் மட்டும் அழுத்தமாக இருக்கிறது. வயலின் ஒரு நாளும் ஒலிக்கவே இல்லை.

மூன்று மாதமாக எந்தத் தேனைக் கேட்டீர்கள்?

பெரியம்மாவுக்கு எத்தனை முழங்கால் அப்பா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் தலையாட்டியதை இத்தனை நாள் கோபம் என்று நினைத்தேன். போன் எடுக்காததையும். உங்களுக்குக் காது கேட்கவில்லை, அப்படித்தானே? செருப்பும் பீரோவும் அம்மா சொன்னது. அம்மா போனதும் எல்லாம் தேனாகிவிட்டது.

என்னை இங்கே எல்லோரும் நல்ல வார்த்தை சொல்லியே ஓட்டுகிறார்கள். நீங்களுமா? ஒரே ஒரு கடிதம் உண்மையாக எழுதுங்கள். அம்மா எங்கே? பாட்டு எப்படி இருக்கிறது?

மகன்


அக்டோபர் 11

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு நலம், காது நீங்கலாக.

வலது காது போய் ஆறு வருஷம். இடது காது போன வருஷம் பாதியும், நீ உள்ளே போனபின் மீதியும். முப்பத்திரண்டு வருஷம் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் பஞ்சு வைக்காமல் நின்ற வீரனுக்குக் கம்பெனி மாலை போட்டதில் காதையும் மறைத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றில்லை. நீயோ, "எனக்கு உங்கள் காதுதான்" என்று எழுதிவிட்டாய். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

எம் விளக்கு விஷயம்: எங்கள் பிரஸ்ஸில் விளக்கு எரிந்தால் ஓடுகிறது, அணைந்தால் நின்றுவிட்டது. எல்லா ட்ராக்கிலும் அணைந்து கிடக்கிறதே, வயலினாவது ஓடட்டும் என்று நானேதான் ஏற்றி வைத்தேன்.

அம்மா பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பெரியம்மா முழங்காலோடு நன்றாக நடக்கிறாள். ஏப்ரலில் ஒரு சாயங்காலம் நான் பாட்டைப் போட உட்கார்ந்தபோது அம்மா வாசலில் நின்று, "அந்த ரெண்டு பேருக்கு யாருங்க பாட்டு போடப் போறா?" என்றாள். "இது தொடங்கினாலே எனக்கு அந்தச் சைக்கிள்தான் தெரியுது. இதை நிறுத்துங்க. இல்ல, நான் போறேன்" என்றாள். காது கேட்கவில்லை என்று சொல்லித் தப்பலாம். ஆனால் முப்பது வருஷமாகப் பார்க்கிற உதடு. எனக்கு ஒரு சொல் விடாமல் தெரிந்தது.

அரிசி டின்னுக்கு அடியிலிருந்து நான் எடுத்து வந்த நல அலுவலரின் கார்டு மேஜைமேல் கிடந்தது, நீ சாப்பிடுகிறாய் என்று. நான் பட்டனை அமுக்கினேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள். இதுவரை எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

பாட்டு எப்படி என்று கேட்டாய் அல்லவா? உன் கடிதம் வந்தபின் காது டாக்டரிடம் போய் மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டேன். எம் விளக்கை அணைத்துவிட்டு, முதல் தடவையாக முழுப் பாட்டையும் கேட்டேன். மூன்று நாள், இருபது தடவைக்கு மேல். உண்மை கேட்டாய், சொல்கிறேன். நன்றாக இல்லை, மகனே. வயலின் தகரத்தில் ஆணி இழுப்பதுபோல் இருக்கிறது. பதினாறு வரை ஒருவன் நடந்து வருகிறான். பதினேழில் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொருவன் வந்து அழுகிறான். இரண்டும் ஒட்டவில்லை. இந்த மிஷின் பேச்சுக்குத்தான், பாட்டு அப்படித்தான் கேட்கும் என்கிறார் டாக்டர். அதனால் தப்பு பாட்டிலா, நான் வைத்ததிலா, காதிலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

பொய் சொன்னதற்குக் கோபித்துக்கொள். தட்டின்மேல் மட்டும் அந்தக் கோபத்தைக் காட்டாதே.

அப்பா


டிசம்பர் 19

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. என் மேல்முறையீடு தள்ளுபடி ஆகிவிட்டது. வக்கீல் உங்களுக்கும் எழுதியிருப்பார்.

அம்மா கேட்டது சரி. அவள் போனதும் சரி. என்னால் போனாள் என்று எழுதியிருக்கலாம், நீங்கள் பட்டனை அமுக்கினதாக எழுதியிருக்கிறீர்கள்.

உண்மை கேட்டது என் தப்பு. முன்னெல்லாம் கணக்கெடுப்பு முடிந்து உட்கார்ந்தால், நீங்கள் தேன் தேன் என்று எழுதிய அந்த அசட்டுக் கடிதத்தை எடுப்பேன். எம் விளக்கைப் பார்த்த பிறகும் எடுத்தேன். பொய் என்று தெரிந்தும் கேட்டது. உங்கள் கடைசிக் கடிதத்துக்கு அப்புறம் எதை எடுத்தாலும் தகரமும் ஆணியும்தான். பிறகு அதுவும் போய்விட்டது. ஒன்றும் கேட்பதில்லை. தச்சர் அண்ணன்தான் என் தட்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்.

எழுதினால் முன்போல் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

மகன்


ஜனவரி 4

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. முன்போலவே இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முதுகுவலி குறைந்துவிட்டது. எனக்குக் காது நன்றாகத் தெளிந்துவிட்டது. தெருமுனையில் யாராவது என்னைத் திட்டினால்கூடக் கேட்கிறது.

இன்று சாயங்காலம் பாட்டை முழுதாகப் போட்டேன். பதினாறாவது கட்டம் வரை அவன் நடந்து வருகிறான். பதினேழில் எல்லாம் நிற்கிறது. இரண்டு தாளம், நீ சொன்னபடி, ஒரு சத்தமும் இல்லை. பிறகு வயலின் மெல்ல இறங்குகிறது. பதினெட்டில் அவனும் வயலினும் சேர்ந்து நடக்கிறார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்ல முடியவில்லை. இருபத்தொன்றில் உரசல் இல்லை. தேன் என்று எழுத மாட்டேன், நீ சிரிப்பாய். ஆனால் தேன்தான்.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். முடிந்ததும், "அந்த வயலின் வர்ற எடத்தை இன்னொரு தரம் போடுங்க" என்றாள். போட்டேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது தரமும் போடச் சொன்னாள்.

இருபத்தைந்தாவது கட்டத்தில் என்ன வைப்பது என்று யோசித்துச் சொல். அவசரமில்லை, நமக்கு நாள் நிறைய இருக்கிறது. யோசிப்பதற்கு வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா. உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா